சங்கு வளையல் முன்னால் நின்ற பிள்ளையை இழுத்துக்கொண்டு போனோம்

போன வருஷம் ஒரு சனிக்கிழமை. வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் விஜயகரிசல்குளத்தில் அகழாய்வில் கிடைத்த பொருட்களைப் பார்க்க ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம், பெற்றோரும் வரலாம் என்று பள்ளியில் சொன்னார்கள். நானும் கிளம்பினேன். கண்காட்சியில் ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் என் மகள் நின்றுவிட்டாள். உள்ளே உடைந்த சங்கு வளையல் துண்டுகள். "அம்மா, இந்தச் சங்குக்குள்ள ஒரு உயிர் இருந்திருக்கும்ல, அது என்ன ஆச்சு?" என்றாள். பின்னால் வரிசை நெருக்கிக்கொண்டிருந்தது. "அதெல்லாம் அப்புறம் பார்ப்போம். பேரை எழுதிக்கோ, எந்தக் கட்ட அகழாய்வுன்னு எழுதிக்கோ, டெஸ்ட்ல கேட்பாங்க" என்று சொல்லி, கையைப் பிடித்து அடுத்த பெட்டிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

இருபது நிமிஷத்தில் எல்லாப் பெட்டிகளையும் பார்த்து முடித்தோம். நோட்டில் இரண்டு பக்கம் நிரம்பியது. வெளியே வந்து குரூப் போட்டோ எடுத்தோம். வீட்டுக்கு வருவதற்கு முன்பே அது என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருந்தது. அன்று நான் மட்டும் இல்லை, வந்திருந்த அம்மா அப்பாக்கள் எல்லாரும் இதையேதான் செய்தோம்.

அவள் கேட்ட கேள்வியில் என்ன குறை கண்டோம்?

அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் பாடம் நடத்தலாம் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. புரியவைத்தது பள்ளியின் சமூக அறிவியல் ஆசிரியையும் அறிவியல் ஆசிரியரும். திங்கட்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து வகுப்புக்கு வந்திருக்கிறார்கள். பார்த்ததில் ஒரே ஒரு பொருளை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். பெயர் எழுதக் கூடாது. பிறகு வரைபடத்தை விரித்து வைத்து, வெம்பக்கோட்டையில் விரலை வைத்து வைப்பாற்றின் வழியே நகர்த்தச் சொன்னார்கள். சாத்தூரைத் தாண்டிக் கிழக்கே போகும் விரல் மன்னார் வளைகுடாவில் போய் நிற்கும். வளையலுக்கு ஆகிற வெண்சங்கு அந்தக் கடலில் கிடைப்பது. கடலே தெரியாத நம் கரிசல் காட்டுக்குச் சங்கு எப்படி வந்தது? யார் மூழ்கி எடுத்தார்கள், யார் சுமந்து வந்தார்கள், அதற்குப் பதிலாக இங்கிருந்து என்ன போயிருக்கும்? பிள்ளைகளே கேட்டு, பிள்ளைகளே வாதாடினார்களாம்.

வளையல் செய்யும் விதமும் வந்தது. சங்கின் நுனியை வெட்டி, நடுவில் முறுக்கிக்கொண்டு போகிற தண்டை உடைத்தெடுத்து, மிஞ்சுகிற உடலை ரம்பத்தால் வளையம் வளையமாக அறுத்து, உள்ளும் புறமும் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். ஒரு சங்குக்குச் சில வளையல்தான் தேறும். அறுத்தெறிந்த கழிவுத் துண்டும் ஓர் ஊரில் கிடைத்தால், வளையல் அங்கேயே செய்யப்பட்டது என்று சொல்லிவிடலாம். இது வரலாறு. அடுத்த மணியில் அறிவியல். சங்கின் ஓடு கால்சியம் கார்பனேட். உள்ளே இருக்கும் மெல்லுடலி கடல் நீரிலிருந்து கால்சியத்தை எடுத்து, தன் உடல் வளர வளர ஓட்டைச் சுருள் சுருளாகக் கட்டிக்கொண்டே போகும். நம் மாவட்டத்தில் ஆலங்குளம் சிமெண்டு ஆலைக்கு வெட்டிய சுண்ணாம்புக் கல்லும் அதே கால்சியம் கார்பனேட்தான். ஒரு முட்டை ஓடு, ஒரு கிளிஞ்சல், ஒரு சுண்ணாம்புக் கல், மூன்றின் மேலும் வினிகரை விட்டார்கள். மூன்றும் நுரைத்தன. அன்று சாயங்காலம் என் மகள் அடுப்படியில் வினிகர் பாட்டிலைத் தேடினாள். நான் அவளைக் கணக்கு டியூஷனுக்கு அனுப்பி வைத்தேன்.

இன்னொரு நாள் சில்லு. பானை ஓட்டை உடைத்து ஓரத்தைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் வெம்பக்கோட்டையிலும் கிடைத்திருக்கின்றன, கீழடியிலும் கிடைத்திருக்கின்றன. பாண்டி விளையாடிய பிள்ளைகள் கையிலிருந்து நழுவி மண்ணுக்குள் போனவையாக இருக்கலாம். ஆசிரியை ஆளுக்கொரு உடைந்த பானை ஓட்டைக் கொடுத்துச் சில்லு செய்யச் சொன்னார். பள்ளி முற்றத்துக் கல்லில் தேய்த்துத் தேய்த்து, ஒரு பீரியடு முழுக்கப் போயும் பாதிப் பேருக்கு வட்டம் வரவில்லையாம். அன்றைய நோட்டில் என் மகள் ஒரே வரி எழுதியிருந்தாள்: 'இதைச் செய்த பிள்ளைக்கு நிறைய நேரம் இருந்திருக்கிறது.' நான் அதைப் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன், பக்கத்தைத் திருப்பினேன். நம் பிள்ளைகளுக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று அந்த இடத்திலாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

அடுத்து நடந்ததைச் சொல்ல நாக்கு கூசுகிறது. சொல்லித்தான் ஆக வேண்டும். காலாண்டுத் தேர்வு நெருங்கியது. சமூக அறிவியலில் ஒரு பாடம் மிச்சம். பள்ளி வாசலில் வண்டிக்காகக் காத்திருந்த நேரத்தில் பேச்சு எழுந்தது. 'ஓடு தேய்க்கவா பிள்ளையை அனுப்புகிறோம்?' 'போர்ஷன் எப்போது முடிப்பார்கள்?' ஒருவர் தலைமை ஆசிரியருக்கு மனு எழுதினார். அருங்காட்சியகம், செயல்பாடு என்று நேரத்தை வீணாக்காமல் பாடத்தை நடத்துங்கள் என்பது அதன் சாரம். பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டோம். என் கையெழுத்து நான்காவது.

நாம் கெட்டவர்கள் இல்லை. பயந்தவர்கள். அந்தப் பயத்துக்கு இந்த மண்ணில் காரணமும் உண்டு.

என் அம்மா ஒன்பது வயதில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவர். விடியாத இருட்டில் ஆபீஸ் வண்டி தெருமுனைக்கு வந்துவிடும். தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும், இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். கட்டை அடுக்கும் வேலை. குச்சிகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் சொருக வேண்டும். 1923 வாக்கில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்று வந்து தொடங்கிய தொழில் இந்த வறண்ட பூமிக்குச் சோறு போட்டது. அந்தச் சோற்றுக்கு உலை வைத்ததில் பிள்ளைகளின் விரல்களும் இருந்தன. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-ல் வந்தது. 1988-ல் மத்திய அரசு மீட்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, அது முதலில் வந்த இடங்களில் சிவகாசியும் ஒன்று. அந்த வண்டியிலிருந்து இறங்கிய தலைமுறையின் பிள்ளைகள் நாம். படிப்புதான் நம்மை இறக்கிவிட்டது. அதனால்தான் விருதுநகர் மாவட்டம் பல வருஷங்கள் தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்தின் முதலிடத்தில் நின்றது. 2023-ல் பிளஸ் டூவில் 97.85 சதவீதம் வாங்கி மறுபடியும் முதலிடத்துக்கு வந்தபோது என் கண் நிறைந்தது. அந்தப் பெருமையை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் இன்று என் தெருவில் காலை ஆறே கால் மணிக்கு ஒரு வேன் வருகிறது. சிறப்பு வகுப்பு, பள்ளி, மறுபடி சிறப்பு வகுப்பு, டியூஷன். பிள்ளை இறங்கும்போது தெருவிளக்கு எரிகிறது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. மருந்துத் தூசிக்குள் உட்கார்ந்த பிள்ளையையும் புத்தகத்துக்கு முன்னால் உட்கார்ந்த பிள்ளையையும் ஒரே தட்டில் வைப்பது பாவம். ஆனாலும், தூக்கக் கலக்கத்தோடு படியேறுகிற அந்த முகத்தைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்ட மாதிரி இல்லையா உங்களுக்கு?

படிக்க மறுத்தால் என்ன சொல்கிறோம்? "இப்படியே இருந்தா வெடி ஆபீஸுக்குத்தான் போவ." அந்தப் பிள்ளையின் பக்கத்து வீட்டு அத்தை அங்கேதான் சரம் பின்னுகிறார். பள்ளிக் கட்டணத்தில் ஒரு பங்கு அந்தச் சம்பளத்திலிருந்து வருகிற வீடுகளும் உண்டு. எதைக் கேவலம் என்று கற்றுத் தருகிறோம்?

பட்டாசையே எடுத்துக்கொள்ளுங்கள். பேரியம் நைட்ரேட்டுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்த பிறகு நம் வீடுகளில் அந்தச் சொல் எத்தனை தடவை அடிபட்டிருக்கும்! பச்சை ஒளி பேரியத்தால், சிவப்பு ஸ்ட்ரான்சியத்தால், மஞ்சள் சோடியத்தால் என்பது நம் பிள்ளைகளுக்குப் பாட்டி கதை மாதிரி தெரிந்திருக்க வேண்டியது. மருந்தைத் தொடவே வேண்டாம். ஒரு பட்டாசுப் பெட்டியின் அட்டை, ஒரு பழைய தீப்பெட்டி லேபிள் போதும். எந்த வருஷம் அச்சானது, படம் ஏன் மயில், விலை எவ்வளவு, எந்த ஊருக்குப் போனது என்று கேட்டால் நம் ஊரின் நூறு வருஷம் விரியும். என் மகன் ஒன்பதாம் வகுப்பு. பேரியத்தின் அணு எண் 56 என்று தூக்கத்திலும் சொல்வான். அப்பா எதற்காக அந்தப் பெயரைச் சொல்லிக் கவலைப்பட்டார் என்று அவனுக்குத் தெரியாது. நாங்கள் சொன்னதில்லை.

அருங்காட்சியகம் பரீட்சைக்கு உதவாது என்கிறோம். 1851-ல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தை அந்தக் காலத்து ஜனங்கள் 'செத்த காலேஜ்' என்றும், உயிருள்ள விலங்குகளை வைத்திருந்த காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதைக் கல்லூரி என்றுதான் அழைத்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. நின்று பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் கிடந்த கற்களுக்கு நடுவே ஒரே ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அது மனிதன் செதுக்கிய கருவி. இந்தியாவின் கற்காலம் வெளிச்சத்துக்கு வந்தது அந்தக் கல்லால். பல பேர் அந்தச் சரளையை மிதித்துக்கொண்டு போயிருப்பார்கள். அவர் நின்றார். திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் ஆய்ந்த கருவிகள் சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தையவை என்று 2011-ல் அறிவித்தார்கள். அதுவும் நின்று பார்த்தவர்களின் வேலைதான். என் மகளும் ஒரு பெட்டி முன்னால் நின்றாள். இழுத்தது நான்.

அரசுப் பள்ளியில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்கள் ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணியைப் பார்க்கட்டும். அங்கே அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் வைத்துப் பிள்ளைகள் கல்வெட்டைப் படியெடுக்கிறார்கள், பழைய எழுத்தைப் படிக்கிறார்கள், தங்கள் ஊரில் கிடைக்கும் பானை ஓட்டை இன்னதென்று சொல்கிறார்கள். அதற்கு வேண்டியதாக இருந்தது பெரிய கட்டிடம் இல்லை. விடாமல் கூட்டிப்போகிற ஆசிரியரும், தடுக்காத பெற்றோரும்.

தடுக்காமல் இருப்பதோடு, பிள்ளைக்குப் பதிலாக நாமே செய்வதையும் நிறுத்த வேண்டும். ப்ராஜெக்ட் என்று வந்தால் என்ன நடக்கிறது? இரவு பத்தரை மணி. தரையெல்லாம் தெர்மாகோல் துகள். அப்பா கட்டரை வைத்து அறுக்கிறார், அம்மா ஃபெவிகால் தடவுகிறாள், பிள்ளை சுவரில் சாய்ந்து தூங்குகிறது. ஹரப்பா நகரம் பிரமாதமாக எழும்பி நிற்கிறது, பத்துக்குப் பத்து மதிப்பெண். யாருக்குக் கிடைத்த மதிப்பெண் அது?

'வீட்டில் இருக்கும் பழைய பொருள் ஒன்றைக் கொண்டுவாருங்கள், அதைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் பத்துக் கேள்வி கேளுங்கள்' என்று அதே ஆசிரியை ஒரு வேலை கொடுத்திருந்தார். நான் கடையில் பித்தளைச் சொம்பு ஒன்று வாங்கிக் கொடுத்து, பத்துக் கேள்விக்கும் பதிலை நானே எழுதி வைத்தேன். என் மகள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாச்சியிடம் போய்விட்டாள். என் அம்மா பரணிலிருந்து இறக்கச் சொன்னது ஒரு தகர டப்பா. உள்ளே கட்டு கட்டாக, மடங்கி மஞ்சளடித்த தீப்பெட்டி லேபிள்கள். "ஒரு குரோஸுக்கு எவ்வளவு அம்மாச்சி?" "நூத்தி நாப்பத்தி நாலு." "ஏழு குரோஸுன்னா?" பள்ளிக்கூடம் பார்க்காத என் அம்மா கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆயிரத்தெட்டு என்றார். அந்த இரவு ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி வண்டியில் தூங்கி விழுந்த கதையை என் மகள் கேட்டாள். நாற்பத்திரண்டு வயதில் நானும் அதை முதல் தடவையாகக் கேட்டேன்.

அந்த டப்பா பள்ளிக்குப் போகவில்லை. மனு போன வாரத்திலேயே அந்த வேலை ரத்தாகிவிட்டது. பொருள் கொண்டுவரச் சொன்ன பீரியடில் இப்போது மாதிரி வினாத்தாள் எழுதுகிறார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குப் பெற்றோர் கூட்டம். அந்தப் பதினெட்டுக் கையெழுத்தில் என்னுடையதை நான் திரும்பப் பெறப் போகிறேன். அந்த இரண்டு ஆசிரியர்களிடமும் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். வாரத்தில் இரண்டு பீரியடு அவர்களுக்கே விட்டுவிடுங்கள், பாடம் மிச்சமானால் நாங்கள் கேட்க மாட்டோம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். காகிதம் என் கையில் இருக்கிறது. கீழே பதினேழு பேருக்கு இடம் விட்டிருக்கிறேன். வேலைக்குப் போகிறவர்கள் அரை நாள் லீவு கேட்டுப் பாருங்கள். வரும்போது உங்கள் வீட்டுப் பரணில் இருப்பதையும் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள்.