எண்ணிக்கையும் மதிப்பும்

ஆராய்ச்சி செய்யும் அறிஞர் தாம் கண்டவற்றைக் கட்டுரைகளாக எழுதி வெளியிடுவர். பின்வரும் ஆராய்ச்சியாளர் அக்கட்டுரைகளைத் தம் எழுத்தில் மேற்கோளாகச் சுட்டுவர். ஒரு கட்டுரையைப் பிறர் எத்தனை முறை சுட்டினர் என எண்ணி, அதன் சிறப்பை அளந்துவிடலாம் என்று கருதுவோர் இன்று பலர். அக்கருத்து எவ்வளவு பொருந்தும்? வேற்றுலகங்களில் உயிர் உண்டா என்று ஆராயும் துறையின் வரலாறு இதற்கு நல்ல விடை தருகின்றது.

அண்டார்க்டிகாவின் பனிவெளியில் 1984 ஆம் ஆண்டில், ஏறத்தாழ 2 கிலோகிராம் எடையுள்ள விண்கல் ஒன்று கிடைத்தது. அது செவ்வாய்க் கோளிலிருந்து வந்தது என்பது பின்னர்த் தெரிந்தது. அக்கல்லினுள் பண்டைய நுண்ணுயிர்களின் சுவடுகள் இருக்கலாம் என்று டேவிட் மக்கேயும் அவருடன் உழைத்தோரும் 1996 இல் எழுதினர். அமெரிக்கக் குடியரசுத் தலைவரே அதுபற்றிப் பேசினார். அக்கட்டுரையை அறிஞர் பலரும் சுட்டினர். ஆனால், அவருள் பலர் அதனை மறுப்பதற்காகவே சுட்டினர். அச்சுவடுகள் உயிரின்றியும் தோன்றக்கூடும் என்பதே பெரும்பாலோர் முடிவாயிற்று.

கலிபோர்னியாவின் மோனோ ஏரியில் கிடைத்த ஒரு நுண்ணுயிர், பாஸ்பரசுக்கு மாறாக ஆர்செனிக்கைக் கொண்டு வளரவல்லது என 2010 இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. 2012 இல் வெளிவந்த சோதனை முடிவுகள் அதனை மறுத்தன. ஆசிரியர்கள் உடன்படாதபோதும், கட்டுரையை வெளியிட்ட ‘சயன்ஸ்’ இதழ் 2025 இல் அதனைத் திரும்பப் பெற்றது. மேற்கோள் கணக்கிலோ உடன்பாடும் ஒன்றே, மறுப்பும் ஒன்றே.

இதற்கு மாறான செய்தியும் உண்டு. விண்மீனுக்கு மிக அருகில் பெருங்கோள்கள் சுற்றக்கூடும் என்றும், அவ்விண்மீனின் சிறு அசைவைக் கொண்டு அவற்றை அறியலாம் என்றும் ஆட்டோ ஸ்துருவே என்னும் வானியலறிஞர் 1952 இல் எழுதினார். அச்சிறு கட்டுரையை நெடுங்காலம் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1995 இல் மிஷெல் மேயரும் டிடியே கெலோவும் அத்தகைய கோளொன்றை அம்முறையாலேயே கண்டனர். அதற்காக 2019 இல் நோபெல் பரிசில் பங்கும் பெற்றனர்.

இதனால் மேற்கோள் கணக்கே வேண்டா என்பதன்று. அக்கணக்கிற்கு வழிவகுத்த யூஜின் கார்ஃபீல்டு, ஒரு கட்டுரைக்குப் பின்னர் எழுந்த மறுப்புகளை அறிஞர் எளிதில் அறிய வேண்டும் என்றே 1955 இல் அம்முறையை எடுத்துரைத்தார். வழிகாட்டியாக அமைந்ததைத் துலாக்கோலாகக் கொண்டதே பிழை. பதவியும் பொருளுதவியும் அவ்வெண்ணைக் கண்டே வழங்கப்படுமாயின், இளம் ஆராய்ச்சியாளர் பொறுமையை வேண்டும் வினாக்களை விடுத்து, ஆரவாரம் தரும் வினாக்களையே நாடுவர். உயிரைத் தேடும் ஆராய்ச்சியோ ஒரு தலைமுறையில் முடிவதன்று.

மரக்கால் நெல்லின் அளவைக் காட்டும். அந்நெல் முளைக்குமா என்பதைக் காட்டாது. அதனை விதைத்தே அறிதல் வேண்டும். ஆராய்ச்சியின் மதிப்பையும் படித்து, சோதித்து, காலம் கொடுத்தே அறிதல் வேண்டும். எத்தனை பேர் சுட்டினர் என்பதோடு நில்லாமல், எதற்காகச் சுட்டினர் என்றும் கேட்பதே அறிவுடையோர் கடமையாகும்.