சமோவா கிராமங்களில் நடனத்தை யார் கற்றுக்கொடுக்க வேண்டும்?



பணி ஓய்வுக்குப் பிறகு எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு, உலகப் படத்தை விரித்து வைத்து ஏதாவது ஒரு சின்ன நாட்டைப் பற்றித் தேடித் தேடிப் படிப்பது. சில மாதங்களாகச் சமோவா. நியூசிலாந்துக்கும் ஹவாய்க்கும் நடுவே, பசிபிக் கடலில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 2 லட்சம். உப்போலு, சவாயி என்று இரண்டு பெரிய தீவுகள். ஆப்பியா என்ற தலைநகரை விட்டால் மற்றதெல்லாம் கிராமங்கள்தாம். 1962இல் விடுதலை பெற்ற நாடு.

அவர்கள் மொழியில் நடனத்துக்குப் பெயர் 'சிவா'. உடனே நடராசரோடு முடிச்சுப் போட்டு எனக்கு ஃபார்வர்டு அனுப்பாதீர்கள்! பக்கத்துத் தோங்கா தீவில் பாட்டை 'ஹிவா' என்பார்கள். இரண்டும் ஒரே பொலினீசிய வேரில் முளைத்த சொற்கள். அவர்கள் பெருமை அவர்களுக்கே இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். கிராமத்து இளைஞர்களுக்கு இந்த நடனத்தை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பது அங்கே பெரிய கேள்வி. இத்தனை வருடம் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் எனக்கும் ஒரு கருத்து உண்டு.

'சாசா' என்று ஒரு நடனம். வரிசை வரிசையாகத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தாளத்துக்கு ஏற்பக் கைகளை அசைப்பார்கள். மரக்கட்டையிலோ சுருட்டிய பாயிலோ தட்டுவதுதான் தாளம். துடுப்புப் போடுவது, மீன் பிடிப்பது, தேங்காய் துருவுவது, பறவை பறப்பது என்று அன்றாட வாழ்க்கையே அந்தக் கைகளில் வந்து போகும்.

இதில்தான் என் முதல் கருத்து இருக்கிறது. தேங்காய் துருவிப் பழகாத கைக்கு அந்த அசைவு வெறும் உடற்பயிற்சி. ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்குத் தேங்காய் துருவிப் பால் பிழிவது அங்கே பையன்களின் வேலை. காலையில் செய்த வேலையை மாலையில் ஆடுகிறவனுக்குத் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கிராமத்துப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, நகரத்திலிருந்து பயிற்சியாளர் வந்தால்தான் ஆகும் என்று நினைப்பது தவறு. பாதிப் பாடம் அவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

இரண்டாவது கருத்து இன்னும் முக்கியம். விழாவின் கடைசி நடனம் 'தௌவலுங்கா'. வீட்டுக் கூரையின் உச்சியில் செய்யும் முடிப்பு வேலைக்கும் இதே பெயர்தான். ஊர்த் தலைவரின் மகள், மனித முடியும் சிப்பியும் இறகும் வைத்துக் கட்டிய 'துயிங்கா' என்ற தலையணி சூடி, மிக நிதானமாக ஆடுவாள். அவளைச் சுற்றி மற்றவர்கள் வேண்டுமென்றே கோணல்மாணலாகக் குதிப்பார்கள், கத்துவார்கள், தரையில் விழுவார்கள். இதற்கு 'ஐயூலி' என்று பெயர். கேலி செய்வதற்காக இப்படி ஆடுவதில்லை. நடுவில் ஆடுகிறவளின் அழகு எடுப்பாகத் தெரிவதற்காகத் தங்களைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

இன்னொருவர் ஒளிர்வதற்காக நான் கோமாளியாக நிற்கிறேன் என்று சந்தோஷமாக முன்வருவது எவ்வளவு பெரிய குணம்! அதிகாரத்துக்குப் போகும் வழி தொண்டுதான் என்று சமோவாவில் ஒரு பழமொழி உண்டு. அந்தப் பழமொழியின் செயல்முறை வகுப்பு இந்த நடனம். இதை வீடியோ பார்த்துக் கற்க முடியாது. பெரியப்பா விழுந்து புரள்வதையும், அத்தை கூவிக்கொண்டு ஓடிவருவதையும் பிள்ளை நேரில் பார்க்க வேண்டும்.

மறுப்புச் சொல்பவர்களும் உண்டு. போட்டி வைத்தால்தானே தரம் உயரும் என்பார்கள். நியாயம்தான். ஆக்லாந்தில் 1976இல் ஒரு பள்ளியில் தொடங்கிய பாலிஃபெஸ்ட் விழா, புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்குத் தங்கள் மொழிமீதும் நடனம்மீதும் பெருமையைக் கொடுத்திருக்கிறது. அங்கே அது தேவை. ஆனால் போட்டி மேடையில் ஐயூலிக்குக்கூட ஒத்திகை வேண்டும். நன்றாக ஆடத் தெரியாதவனுக்கு அங்கே இடமில்லை. கிராமத்திலோ அவனுக்கும் வேலை உண்டு.

பழமையை அப்படியே உறைய வைக்கச் சொல்கிறேனா? இல்லை. இன்று ஹோட்டல்களில் சுற்றுலாப் பயணிகள் கைதட்டும் தீக்கத்தி நடனம் இருக்கிறதே, அந்தக் கத்தியில் நெருப்பு ஏறியது 1946இல், சான்பிரான்சிஸ்கோவில். ஃப்ரெடி லெத்துலி என்ற சமோவாக் கலைஞர் செய்த புதுமை அது. கலை மாறத்தான் செய்யும். ஹோட்டல் நிகழ்ச்சியால் நாலு பேருக்குச் சம்பளம் கிடைத்தால் நல்லதே. ஆனால் அது பாடத்திட்டம் ஆகிவிடக் கூடாது.

1830இல் ஜான் வில்லியம்ஸ் சவாயித் தீவில் வந்து இறங்கினார். அவருக்குப் பின் வந்த மிஷனரிகள் பழைய இரவு நடனங்களைக் கண்டித்து ஒடுக்கினார்கள். அப்படியும் நடனம் சாகவில்லை. கல்யாணத்திலும், பட்டம் சூட்டும் விழாவிலும், பிற்பாடு தேவாலயத் திறப்பு விழாவிலும்கூட ஆடினார்கள். குடும்பத்தின் கையில் இருந்ததால் பிழைத்தது.

இன்றைய ஆபத்து வேறு. நியூசிலாந்தின் பழத்தோட்டங்களுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பருவகால வேலைக்காக இளவயதினர் போகிறார்கள். பிழைப்புக்குப் போவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் இல்லாத மாதங்களில் ஊரில் மிஞ்சுவது பாட்டியும் பேரனும். நடுவில் கற்றுக்கொடுக்க வேண்டிய தலைமுறை அங்கே இல்லை.

அதனால் நான் சொல்வது இதுதான். பாட்டியை ஆசிரியராக்குங்கள். பள்ளிக்கூடம் வாரத்தில் ஒரு மணி நேரமும் ஒரு கொட்டகையும் கொடுத்தால் போதும். முதலில் பாட்டின் சொல்லுக்குப் பொருள், பிறகு கை அசைவு. ஆடத் தெரிந்த பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுக்காமல் எல்லாரையும் உட்கார வையுங்கள். ஊருக்குத் திரும்பி வரும் அண்ணன்மார்களையும் விடாமல் பிடித்து ஆட வையுங்கள்.

உங்களில் ஆக்லாந்தில் இருப்பவர்கள் பாலிஃபெஸ்ட் நடக்கும்போது அவசியம் குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். நடுவில் ஆடுகிற பெண்ணைப் பாருங்கள். சுற்றிக் குதிப்பவர்களை இன்னும் கவனமாகப் பாருங்கள். ஆசிரியர் வேலையில் இருக்கும் என் மாணவர்களுக்கு அவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். வகுப்பில் எழுந்து நின்று எதிர்க்கேள்வி கேட்டவர்களை எனக்கு இன்னும் பெயரோடு ஞாபகம் இருக்கிறது!