ஆண் நீர், பெண் நீர்

கார்த்திகை தீபத்தன்று மாலை, அண்ணாமலையார் கோயிலில் அர்த்தநாரீசுவரர் வெளியே எழுந்தருளிச் சில நிமிடங்களே காட்சி தந்து உள்ளே திரும்பிவிடுகிறார். அத்தருணத்தில்தான் மலையுச்சியில் மகாதீபம் ஏற்றப்படுகிறது. ஓருடலில் இருபாலும் கூடிய வடிவைக் கைகூப்பி வணங்கும் நாம், உடலைப் பற்றிப் பேசும்போது மட்டும் டெஸ்டோஸ்டிரோன் ஆணுடையது, ஈஸ்ட்ரோஜன் பெண்ணுடையது என்று பாகம் பிரித்துவிடுகிறோம்.

உடல் அப்பிரிவினையை அறியாது. ஹார்மோன் என்னும் சொல்லை 1905-இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் வழக்கிற்குக் கொண்டுவந்தார். கிளர்த்துதல், இயக்குதல் என்பது அதன் கிரேக்க வேரின் பொருள். தமிழில் இயக்குநீர் என்றது சாலப் பொருந்தும். பெண்ணின் சூலகமும் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. அரோமட்டேஸ் என்னும் நொதி அதையே ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கிறது. ஆணின் எலும்பு உறுதிப்படவும் ஈஸ்ட்ரோஜன் வேண்டும். அதை ஏற்கும் திறனற்ற ஓர் ஆணைப் பற்றி 1994-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். வளர்ந்த வயதிலும் அவருடைய எலும்பு முனைகள் மூடவில்லை. உயரம் கூடிக்கொண்டே இருந்தது.

இது வெறும் பெயர்ச் சிக்கலன்று. புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்திரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனைக்குப் பின் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. அந்தரங்கமாக இருந்திருக்க வேண்டிய செய்தி ஊரறியப் பேசப்பட்டது. ஒடிசாவின் தூத்தி சந்த், டெஸ்டோஸ்டிரோன் மிகுதி என்னும் காரணத்தால் 2014-இல் விலக்கப்பட்டார். அவர் வழக்காடினார். 2015-இல் விளையாட்டு நடுவர் மன்றம் அவ்விதியை நிறுத்திவைத்தது. அவர் மீண்டும் களமிறங்கினார். ஆயினும் வாதம் ஓயவில்லை. 2025-இல் உலகத் தடகள அமைப்பு, பெண்கள் பிரிவில் போட்டியிட மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியது.

போட்டிக்கு வரம்பு வேண்டாம் என்பதன்று நம் வாதம். எங்கே கோடு கிழிப்பது என்பதை அறிவியலாரும் வீராங்கனையரும் வழக்காடித் தீர்க்கட்டும். ஆனால் தன் உடல் தானே சுரந்த நீருக்காக ஒருத்தியைப் பெண்ணல்லள் என்று ஊர் பழிக்கும்போது, அப்பழிச்சொல்லை ஆக்கித் தந்ததில் நம் மொழிக்கும் பங்குண்டு. ‘ஆண் ஹார்மோன்’, ‘பெண் ஹார்மோன்’ என்னும் அடைமொழிகளை வகுப்பறையிலிருந்தேனும் நாம் விலக்குவோம். எந்த நீர் என்ன செய்கிறது, யார் யாரிடம் எவ்வளவு என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும். அம்மையப்பனை ஓருருவாய்க் காணப் பழகிய கண்களுக்கு இது கடினமான பாடமாக இராது.