பட்டாவுக்குப் பொறுப்பு யார்?

தமிழ்நாட்டில் ஒரு மனையைக் கிரயம் வாங்குகிறவர் வழக்கமாக முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என மொத்தம் 9 சதவீதத்தை அரசுக்குச் செலுத்துகிறார். அதை வாங்கிக்கொள்ளும் அரசு, ‘இந்த இடம் உங்களுடையதுதான்’ என்று எங்கும் எழுதித் தருவதில்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்மானிப்பது சார்பதிவாளரின் வேலையே இல்லை. முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டச் சொன்ன தமிழகப் பதிவு விதி 55ஏ-வின் முதல் பிரிவை 2025 ஏப்ரலில் ரத்து செய்தபோது, உச்ச நீதிமன்றம் இதையே உறுதிப்படுத்தியது. சரி, பட்டா இருக்கிறதே என்றால், அது மட்டும் உரிமைக்குச் சான்றாகாது என்றும் நீதிமன்றங்கள் பலமுறை கூறிவிட்டன.

ஆகவே வாங்குகிறவரே துப்பறிய வேண்டியிருக்கிறது. 30 ஆண்டு வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், வாரிசுச் சான்று, வழக்கறிஞரின் கருத்துரை, நாளிதழில் பொது அறிவிப்பு. அடுத்த ஆண்டே அவர் அந்த மனையை விற்றால், வாங்குபவர் இதே தேடலுக்கு மறுபடியும் பணம் கட்டுகிறார். இத்தனைக்குப் பிறகும் எங்கோ இருந்து ஒரு பங்காளி வந்து வழக்குப் போட்டால், அது பேரப்பிள்ளை காலம்வரை இழுக்கிறது. ஆவணத்தில் சிறு குறை இருந்தாலும் வங்கி கடன் தராது. சிறு விவசாயி வட்டிக்காரரிடம் போகிறார். பரஸ்பர நம்பிக்கையின்மை உலகின் பொருளாதாரப் பின்தங்கலில் பெரும்பகுதியை விளக்கக்கூடும் என்று பொருளியலாளர் கென்னத் ஆரோ 1972இல் எழுதினார். நம் ஊரில் அதன் சுமையை அதிகம் தாங்குவது, வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள்தான்.

‘மனுஷனை நம்ப முடியலை’ என்று அலுத்துக்கொள்கிறோம். அரசின் பதிவேட்டையே நம்ப முடியாத இடத்தில், முன்பின் தெரியாதவரை எப்படி நம்புவது? 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். நில ஆவண மேம்பாட்டுத் திட்டத்தில் புகுந்த பிழைகளுக்காக இன்றும் மக்கள் மனுவோடு வருவாய் அலுவலகங்களுக்கு அலைகிறார்கள். தவறு அலுவலகத்தில் நடந்தது. அதைத் திருத்தும் அலைச்சலும் செலவும் நிலத்துக்காரர் தலையில் விடிகின்றன. இந்த அநீதியை இத்தனை காலம் பொறுத்துக்கொண்டதே அதிகம்.

அதிகாரத்தைக் கூட்டுவதால் நம்பிக்கை வந்துவிடாது. ஆந்திரம் 2022இல் நில உரிமைச் சட்டம் இயற்றியது. பதிவேட்டில் உள்ள பெயரே இறுதி என்ற நோக்கம் நல்லது. ஆனால் தகராறுகளைத் தீர்க்கும் பொறுப்பை அதிகாரிகளிடம் கொடுத்து, உரிமையியல் நீதிமன்றங்களின் கதவை அச்சட்டம் அடைத்தது. போதாததற்கு, பட்டா புத்தகத்தில் முதலமைச்சரின் படம் வேறு. ‘நிலம் பறிபோகும்’ என்ற அச்சம் 2024 தேர்தலில் பெரும் பிரச்சாரமானது. புதிய அரசு அந்தச் சட்டத்தையே நீக்கியது. இங்கும், போலிப் பத்திரங்களை ரத்து செய்யும் அதிகாரத்தை மாவட்டப் பதிவாளருக்குத் தந்த பதிவுச் சட்டத்தின் 77ஏ பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் செல்லாது என்றது.

தெற்கு ஆஸ்திரேலியா 1858இல் வேறு வழியில் போனது. பதிவேடே இறுதி என்று அறிவித்த கையோடு, அதனால் நட்டப்படுகிறவருக்கு இழப்பீடு தர ஒரு நிதியத்தையும் ஏற்படுத்தியது. ஆட்சியாளர்கள் கைவைக்கத் தயங்கும் இடம் இதுதான்: தங்கள் அலுவலகத்தின் தவறுக்குத் தங்கள் கஜானாவிலிருந்து பணம் கொடுப்பது.

தமிழக அரசு முத்திரைத் தீர்வை வருவாயில் ஒரு பங்கை ஒதுக்கி, இப்படியொரு இழப்பீட்டு நிதியத்தைச் சட்டப்படி அமைக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு வட்டத்தில் தொடங்கட்டும். நில அளவை பக்கத்து நிலத்துக்காரர்கள் முன்னிலையில் நடக்கட்டும். முடிவுகளைக் கிராம சபையில் வாசிக்கட்டும். நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையில் கைவைக்கக் கூடாது. அதற்கும் முன்பாக, நிலுவையிலுள்ள யு.டி.ஆர். பிழைகள் அனைத்தையும் மனுவுக்குக் காத்திராமல், காலக்கெடு வைத்து, அரசே தன் செலவில் திருத்தித் தர வேண்டும். அதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை.