‘கேன்சல் பண்ணது நீங்கதானே சார்?’

போன செமஸ்டர் எங்க ஹாஸ்டல்ல நடந்த ஒரு விஷயம் இது. ஆளோட பெயர் வேண்டாம், பங்குன்னே வைச்சுக்குவோம். ஊர் உசிலம்பட்டிப் பக்கம். ‘எழுதுடா, நாலு பேராவது தப்பிக்கட்டும்’னு சொன்னதும் அவன்தான். (எல்கேஜியில இருந்து நான் இங்கிலீஷ் மீடியம். ர, ற குழப்பம் எங்கயாவது எட்டிப் பார்த்தா அது எடிட்டர் கண்ணையும் தாண்டி வந்ததுன்னு அர்த்தம்.)

ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு அவனுக்கு லேப்டாப் வேணும். லேப் சாயங்காலம் நாலரைக்குப் பூட்டிருவாங்க. அம்மா மகளிர் குழுவுல லோன் எடுத்துப் பணம் அனுப்பினாங்க. எல்லாரும் வாங்குற ஒரு பெரிய சைட்ல, பழைய லேப்டாப்பைச் சரி பண்ணி விக்கிற ஒரு செல்லர்கிட்ட 21,499 ரூபாய்க்கு ஆர்டர் போட்டான். கேஷ் ஆன் டெலிவரி. இதை நல்லா ஞாபகம் வைச்சுக்கங்க. பொருள் கைக்கு வர்ற வரைக்கும் ஒத்தை ரூபாய்கூட அவன் கையை விட்டுப் போக வேண்டிய அவசியமே இல்ல.

மறுநாள் ஒரு போன். கோயம்புத்தூர்ப் பேச்சு, ரொம்ப மரியாதை. “தம்பி, சைட்ல வித்தா கமிஷனுக்கே பாதி போயிருதுங்க. ஆர்டரைக் கேன்சல் பண்ணிருங்க, 18,500-க்கு நானே நேரா கொரியர்ல போட்டு விடறேனுங்க.” ஆர்டர் நம்பர், மாடல், அட்ரஸ் எல்லாம் கரெக்டாச் சொன்னாரு. பேசினது நிஜமாவே அந்த செல்லர்தானா, விவரம் கசிஞ்சு வேற எவன் கையிலயாவது மாட்டுச்சான்னு எங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

பங்கு கேன்சல் பண்ணான். ஜிபேல நம்பரைப் போட்டா, கடைப் பெயருக்குப் பதிலா ஒரு பொம்பளைப் பெயர் வந்துச்சு. கேட்டதுக்கு, “வீட்டம்மா அக்கவுண்ட்டுங்க, கடை அக்கவுண்ட்ல லிமிட் முடிஞ்சிருச்சு”ன்னாரு. 18,500 போச்சு. வாட்ஸப்ல பில் வந்துச்சு, ஜிஎஸ்டி நம்பரோட, சீலோட.

அடுத்த நாள் இன்னொரு போன். கொரியர் இன்சூரன்ஸ் 2,150 கட்டணுமாம். லேப்டாப் கைக்கு வந்ததும் அது திரும்ப வந்துருமாம். அப்பத்தான் பங்கு எங்கிட்ட வந்து கேட்டான். நான் என்ன சொன்னேன்னு மறைக்காம எழுதுறேன்: “18,500 போட்டாச்சு, இப்ப 2,150-க்கு யோசிச்சா எப்படிடா? மொத்தமே 20,650தான். சைட் விலைக்கு இன்னமும் 849 லாபம்.” மூணு வருஷம் இன்ஜினியரிங் மேத்ஸ் படிச்சு நான் போட்ட கணக்கு அது.

மூணாவதா “ஜிஎஸ்டி டெபாசிட் 3,400”னு வந்தப்பத்தான் ரெண்டு பேருக்கும் வயித்தைக் கலக்குச்சு. அதுக்கப்புறம் அந்த நம்பர் எடுக்கவே இல்ல. சைட்டோட கஸ்டமர் கேருக்கு அடிச்சோம். அந்த அக்கா பொறுமையாக் கேட்டுட்டுச் சொன்னாங்க: “கேன்சல் பண்ணது நீங்கதானே சார்? எங்க ரெக்கார்டுல ஆக்டிவ் ஆர்டரே இல்லையே.”

அன்னைக்கு எனக்கு அவங்க மேல பயங்கரக் கோபம். இப்ப யோசிச்சா, அவங்க சொன்ன அந்த ஒரு வரியிலதான் விஷயம் முழுக்க இருக்கு. ஆளைக் கூப்பிட்டவன் கேட்ட முதல் காரியமே பணம் இல்ல, கேன்சல். பணத்தை எடுக்குறதுக்கு முன்னாடி, பங்கைக் காப்பாத்தக்கூடிய எல்லாத்தையும் பங்கு கையாலேயே கழட்ட வைச்சுட்டான்.

‘பை நவ்’ பட்டனை நாம வெறும் பில் கவுண்டர்னு நினைச்சுக்கிறோம். அதுக்குப் பின்னாடி இருக்கிறது வேற. நமக்கும் செல்லருக்கும் நடுவுல பணத்தை வாங்கி வைச்சுக்குற ஒரு மூணாவது ஆள் அங்க உட்கார்ந்திருக்கான். ரிசர்வ் வங்கியின் பேமென்ட் அக்ரிகேட்டர் விதிகளின்படி, கடைக்காரர்களுக்காக வசூலிக்கிற பணத்தை அந்த நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பணத்தோடு கலக்கக் கூடாது. வங்கியில் தனி எஸ்க்ரோ கணக்கில்தான் வைத்திருக்க வேண்டும். 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகளின்படி, செல்லரின் பெயரும் முகவரியும் சைட்டில் இருக்க வேண்டும். புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு வர வேண்டும். இதெல்லாம் நடக்கிறதா என்று சண்டை போடலாம். ஆனால் சண்டை போடுவதற்கே கையில் ஒரு ஆர்டர் நம்பர் உயிரோடு இருக்க வேண்டும்.

இந்த ஏற்பாடு ஒண்ணும் புதுசு இல்ல. சீனாவுல அலிபே ஆரம்பிச்சதே, தாவோபாவ் சைட்ல முகம் தெரியாத ரெண்டு பேர் நடுவுல பணத்தைப் பிடிச்சு வைக்கத்தான். நம்ம ஊர்ல பாஸி.காம்னு ஒரு சைட் இருந்துச்சு. 2004-ல ஈபே அதை வாங்குச்சு. அங்க ‘பைசாபே’ன்னு ஒரு முறை இருந்துச்சு. அதுல கட்டினாத்தான் ஈபே கேரண்டி, வெளியில கட்டினா கிடையாது. ஈபே இந்தியாவை 2018-ல மூடிட்டாங்க. நம்ம சீனியர்களோட சீனியர்களுக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கலாம். சைட்டுக்கு வெளியில கூப்பிட்டு ஏமாத்துறதும் அந்தக் காலத்துல இருந்தே இருக்கு.

இப்ப பங்கு அனுப்பின 18,500-ஐப் பாருங்க. யுபிஐயில அது ஒருத்தர் இன்னொருத்தருக்கு அனுப்பின பணம், அவ்வளவுதான். ராத்திரி புரோட்டாவுக்கு நான் அவனுக்கு 80 ரூபாய் அனுப்புற மாதிரி. அதுல லேப்டாப்பும் இல்ல, ஆர்டரும் இல்ல. இ-காமர்ஸ் விதிகளே, தனிப்பட்ட முறையில எப்பவாவது விக்கிற தனிநபருக்குப் பொருந்தாதுன்னு தெளிவாச் சொல்லுது. பேங்க்குக்குப் போனாலும் கதை அதேதான். 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை, நம் அனுமதி இல்லாமல் போன பணத்தைப் பற்றிப் பேசியது. பங்கு பின் நம்பரைத் தானே போட்டான். சிஸ்டத்தைப் பொறுத்தவரை அது அனுமதி கொடுத்த பரிவர்த்தனை.

இங்க எனக்கு நம்ம காலேஜ் மேல ஒரு வருத்தம் இருக்கு. வருஷா வருஷம் சைபர் அவேர்னஸ் புரோகிராம் நடக்குது. ஆடிட்டோரியத்துல உட்கார வைச்சு “ஓடிபி யாருக்கும் சொல்லாதே, லிங்க்கை அமுக்காதே”ங்கிறாங்க. பங்கு அந்தக் கூட்டத்துல இருந்தவன்தான், இ-சர்டிஃபிகேட்கூட வாங்கினான். அவன்கிட்ட யாரும் ஓடிபி கேக்கல, லிங்க்கும் அனுப்பல. யாரும் எதையும் திருடல. விலையைக் குறைச்சாங்க, அவன் சந்தோஷமாக் குடுத்தான். ‘ஓடிபி சொல்லாதவன் ஏமாற மாட்டான்’னு நாங்க எல்லாரும் நம்பிட்டு இருந்தோம். அந்த நம்பிக்கைதான் எங்களைக் கவுத்துச்சு.

“பி.இ. படிக்கிறவனே இப்படி ஏமாறுவானா”ன்னு மெஸ்ல ரெண்டு பேர் சிரிச்சாங்க. ஹரியானாவுல நூன்னு ஒரு மாவட்டம் இருக்கு. 2023 ஏப்ரல்ல அங்க ஏறக்குறைய 5,000 போலீஸ் ஒரே ராத்திரியில 14 கிராமத்தைச் சுத்தி வளைச்சாங்க. நாடு முழுக்க சுமார் 28,000 பேர்கிட்ட ஏறக்குறைய 100 கோடி ரூபாய் போயிருந்ததா அப்புறம் போலீஸ் சொன்னாங்க. அந்தக் கும்பல்கள் செஞ்ச வேலைகள்ல ஒண்ணு, ஆன்லைன்ல பைக், கார், போன் விக்கிறதா விளம்பரம் போட்டு அட்வான்ஸ் வாங்குறது. ‘நான் ஆர்மியில இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆகிட்டேன், வண்டியைக் குறைச்ச விலைக்குத் தர்றேன்’னு ஐடி கார்டு போட்டோவோட வர்ற ஆளை உங்கள்ல சில பேர் பார்த்திருப்பீங்க. இது ஒரு தொழில். காலையில எந்திரிச்சு பல் விளக்கிட்டு இதையே வேலையாச் செய்யறவன் முன்னாடி, செமஸ்டர் ஃபீஸுக்கும் இன்டர்னல் மார்க்குக்கும் நடுவுல நிக்கிற பையன் தோத்துப் போறதுல என்ன ஆச்சரியம்?

சரி, அப்ப சைட்டுக்கு வெளியில எதுவுமே வாங்கக் கூடாதான்னு கேட்டா, அப்படி நான் சொல்ல வரல. என் அக்கா சுங்குடிச் சேலையே இன்ஸ்டாகிராம்லதான் வாங்குது. வாட்ஸப்ல போட்டோ, ஜிபேல பணம், ரெண்டு நாள்ல பார்சல். வீட்டுல இருந்து சேலை விக்கிற பல பேருக்குப் பெரிய சைட்டுக்குக் கமிஷன் கட்டி மாளாது. அவங்களையும் இந்தத் திருடனையும் ஒரே தராசுல வைச்சா பாவம். அவங்ககிட்ட செக்அவுட்னு ஒண்ணு முதல்லயே கிடையாது. அது தெரிஞ்சுதான் அக்கா வாங்குது, அதனாலதான் முதல் தடவை ஒரே ஒரு சேலை, அதுவும் 650 ரூபாய்ல பார்த்துச்சு. பழைய பொருள் விக்கிற ஓஎல்எக்ஸ் மாதிரி விளம்பரத் தளத்துலயும் அப்படித்தான். பொருளை நேர்ல பார்த்துட்டுப் பணம் குடு, அட்வான்ஸ் குடுக்காதேன்னு அவங்களே சொல்றாங்க.

வித்தியாசம் எங்க இருக்குன்னா, ஏற்கெனவே ஒரு பாதுகாப்புக்குள்ள இருக்கிற உங்களை ஒருத்தன் வெளியில வரச் சொல்றான் பாருங்க, அங்க. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில நாம பேரம் பேசித்தான் வாங்குறோம், பாதி நேரம் பில்கூடக் கேக்குறதில்ல. சாயம் போச்சுன்னா மறுநாள் போய்க் கத்தலாம், கடை அங்கேயேதான் இருக்கும். அதே கடைக்காரர், “சேலையை இங்க வைச்சுட்டுப் பணத்தை மட்டும் குடுங்க, பெரியார் பஸ் ஸ்டாண்டு பின்னாடி வாங்க, நானூறு குறைச்சுத் தர்றேன்”னா போவீங்களா? போன்ல கேட்டா மட்டும் போயிடறோம். அவன் குறைக்கிற 2,999 ரூபாய், ஏதாவது ஆனா யாரையும் கேக்க மாட்டேன்னு நாம எழுதிக் குடுக்குறதுக்கான விலை.

கமிஷன்ல செல்லருங்க நொந்து போறது உண்மைதான், அதுல எனக்கு அனுதாபம் இருக்கு. அந்தப் பாரத்தைக் குறைக்க மகளிர் குழு லோன்ல லேப்டாப் வாங்குறவன்தான் கிடைச்சானா?

பங்கு விஷயத்துல நாங்க பண்ண ரெண்டாவது தப்பு, நாலு நாள் சும்மா இருந்தது. வெட்கம். வீட்டுக்குத் தெரிஞ்சிருமோன்னு பயம். 1930-ன்னு ஒரு நம்பர் இருக்கறது போஸ்டர்ல பார்த்ததுதான், ஆனா அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாது. நீங்க கூப்பிட்டதும் தகவல், பணம் போன பேங்க்குக்குப் போகும். பணம் அங்க இருந்தா நிறுத்தி வைப்பாங்க. அடுத்த பேங்க்குக்குத் தாவியிருந்தா அங்க துரத்துவாங்க. அதனால இது மணிக்கணக்குல நடக்குற ஓட்டப்பந்தயம். நாங்க நாலாம் நாள் கூப்பிட்டப்ப பணம் எங்கெங்கயோ பிரிஞ்சு போயிருந்துச்சு. ஒரு அக்கவுண்ட்ல 640 ரூபாய் மட்டும் நிறுத்தி வைச்சிருக்காங்க. அது இன்னும் கைக்கு வரல.

அம்மா ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது, “லேப்டாப் நல்லா ஓடுதாடா?”ன்னு கேக்குறாங்க. “ஓடுதும்மா”ங்கிறான். வாரா வாரம் குழுவுல தவணை கட்டிட்டு இருக்காங்க. புராஜெக்டை என் லேப்டாப்ல ராத்திரி பதினொண்ணுக்கு மேல பண்றான், நான் தூங்கினதுக்கப்புறம். அந்த 2,150-க்கு ஐடியா குடுத்தவன் நான்ங்கிறதால அதுல எனக்கு எந்தப் பெருமையும் இல்ல.

இந்த வாரம் உங்கள்ல யாருக்காவது “ஆர்டரைக் கேன்சல் பண்ணிருங்க தம்பி”ன்னு போன் வந்திருந்தா, கேன்சல் பண்றதுக்கு முன்னாடி எங்க ரூமுக்கு வாங்க. ஏற்கெனவே பணம் போட்டிருந்தா, வர்ற வழியிலேயே 1930-ஐக் கூப்பிடுங்க. ஜிபேல இருக்கிற 12 இலக்க டிரான்சாக்‌ஷன் நம்பரையும் சாட்டையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைச்சுக்கங்க, எதையும் அழிச்சிராதீங்க. தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்ல ஃபார்ம் நிரப்ப நான் கூட உட்காருறேன். எந்த நேரமானாலும் கதவைத் தட்டலாம், சிரிக்க மாட்டோம்.