அண்ணனுக்கு ரெண்டு வியாதியாமே?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

ஆலங்குளத்தில் இந்த மாதம் என்னிடம் அதிகம் பேர் கேட்டது, “சார், உங்க அண்ணனுக்கு ரெண்டு விதமான ரத்தப் புற்றுநோயாமே, நிஜமா?” என்பதுதான். நிஜம்தான். “அப்ப இனிமே எதுக்கு ஆஸ்பத்திரி, வீட்டுல வச்சுப் பாத்துக்கங்க” என்கிறார்கள். சொந்தத்தில் பெரியவர்கள் சிலர் போன வாரம் மதுரைப் பயணத்தையே நிறுத்தப் பார்த்தார்கள். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. அண்ணனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வியாதியின் பெயர் சி.எல்.எல். வெள்ளையணுக்களில் ‘பி’ லிம்போசைட் என்கிற வகை வேண்டாமல் பெருகுவது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கண்புரை ஆபரேஷனுக்கு ரத்தம் பார்த்தபோது தெரிந்தது. மருந்து எதுவும் தரவில்லை. ஆரம்ப நிலையில் நிறையப் பேருக்கு அவ்வப்போது ரத்தம் பார்த்துக் கவனித்து வருவதே வைத்தியம். சிலருக்குக் கடைசிவரை மருந்தே தேவைப்படாது.

இரண்டாவது, மல்டிபிள் மைலோமா. அதே ‘பி’ லிம்போசைட் முதிர்ந்தால் பிளாஸ்மா செல். கிருமியை எதிர்க்கும் புரதத்தைச் செய்வது அதன் வேலை. அது கெட்டு எலும்பு மஜ்ஜைக்குள் பெருகினால் மைலோமா. எலும்பை அரிக்கும், ரத்தசோகை வரும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆக, இரண்டும் பங்காளி வீட்டு வியாதிகள். சிலரிடம் இரண்டும் ஒரே தாய்ச் செல்லின் வாரிசு. சிலரிடம் தனித்தனியாக முளைத்தவை. சேர்ந்து வருவது அபூர்வம்தான், ஆனால் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பட்டாசு மருந்துதான் காரணம் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். அண்ணன் பட்டாசு ஆலை வாசலை மிதித்தவரே இல்லை!

அண்ணனுக்கு ஆறு மாதமாக இடுப்புவலி. நம் பக்கம் இடுப்புவலியை யார் நோயாக எண்ணுகிறார்கள்? திரி வெட்டுகிறவர், பெட்டி ஒட்டுகிறவர், சிமெண்டு மூட்டை தூக்கினவர் எல்லாருக்கும் உள்ளதுதானே. வலி ஊசி, வலி மாத்திரை என்று போனது. பிறகு சோர்வும் ரத்தசோகையும் வந்தன. ‘ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, அதன் வேலை’ என்று எல்லாவற்றையும் முதல் வியாதியின் கணக்கிலேயே எழுதினார்கள். மைலோமா உள்ளவருக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அவர் ஆறு மாதம் விழுங்கியதை நினைத்தால் பதறுகிறது.

மதுரையில் ஒரு மருத்துவர் பழைய ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்து ஒரு கழித்தல் போட்டார். டோட்டல் புரோட்டீனில் ஆல்புமினைக் கழித்தால் குளோபுலின். சி.எல்.எல். உள்ளவருக்கு அது பொதுவாகக் குறையும். அண்ணனுக்கோ கூடிக்கொண்டே போயிருந்தது. உடனே எலக்ட்ரோஃபோரசிஸ் என்கிற ரத்தப் பரிசோதனை, அப்புறம் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை. முப்பது வருஷம் கணக்கு நடத்தின எனக்கு அந்தக் கழித்தலைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமை.

எல்லா அறிகுறிக்கும் ஒரே காரணம் தேடு என்பது மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லும் பழைய பாடம். அதற்கு எதிர்ப்பாடமும் உண்டு. ஒரு நோயாளிக்கு எத்தனை நோய் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பார்கள். ஜான் ஹிக்கம் என்ற அமெரிக்க மருத்துவர் பெயரால் வழங்குவது. வயதானவர்களுக்கு இதுதான் பொருந்தும். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து இல்லாத வீடு நம் தெருவில் எத்தனை? ‘ரெண்டு வந்துருச்சு, விட்டுருங்க’ என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

‘ரத்தப் புற்றுநோய்’ என்று ஒரே பெயரில் சொல்லிப் பழகிவிட்டோம். கிளிவெக் மாத்திரை வழக்கு ஞாபகமிருக்கிறதா? 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது, 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. மாதம் சுமார் 1,20,000 ரூபாய் சொன்ன மருந்தை இந்தியக் கம்பெனிகள் சுமார் 10,000 ரூபாய்க்குத் தொடர்ந்து விற்க முடிந்தது. அது சி.எம்.எல். என்கிற வேறொரு ரத்தப் புற்றுநோய்க்கு. எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்த அந்த மாத்திரையால் அண்ணனுக்குப் பிரயோசனமில்லை. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. இரண்டாவது பெயர் தெரிந்ததால்தான் அண்ணனுக்குச் சரியான மருந்தே கிடைத்திருக்கிறது.

இப்போது முதல் வியாதியைக் கவனித்து மட்டும் வருகிறார்கள். மைலோமாவுக்குத் தோலுக்கடியில் போடும் போர்டிசோமிப் ஊசி, லெனாலிடோமைடு மாத்திரை. இரண்டும் நம் நாட்டிலேயே தயாராகின்றன. முழுக்க மாறிவிடும் என்று மருத்துவர் சொல்லவில்லை. பல வருஷம் அடக்கி வைக்கலாம் என்றார். அறுபத்தெட்டு வயதில் பல வருஷம் என்பது சின்ன விஷயமா? பேத்தி பத்தாவது படிக்கிறாள்.

அடுத்த ஊசி புதன்கிழமை. பயணம் நிற்காது, பெரியவர்கள் கோபித்தாலும் சரி. பார்க்க வருகிறவர்கள் ஞாயிறு காலை வாருங்கள். அவருக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்பதால் சளி, காய்ச்சல் இருந்தால் போனில் பேசினால் போதும். வந்ததும் “ரெண்டாமே” என்று ஆரம்பிக்காதீர்கள். மழையைப் பற்றிப் பேசுங்கள், அவருக்குப் பிடிக்கும்.