தானியம் மாறினால் போதுமா?

நவம்பர் மாதத்தில் ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றிதழ் அளிக்க வங்கிக் கிளைகளுக்கு வருவது வழக்கம். அதே மாதம் 14ஆம் நாள் உலக நீரிழிவு நாள். வரிசையில் காத்திருப்போரின் பேச்சில் வட்டி விகிதத்துக்கு அடுத்தபடியாக இடம்பெறுவது சர்க்கரை அளவுதான். “இரவில் சோற்றை விட்டுவிட்டேன், நான்கு சப்பாத்திதான். ஆனாலும் சர்க்கரை குறையவில்லை” என்ற மனக்குறையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். தானியத்தை மாற்றினால் போதும் என்னும் இந்நம்பிக்கையை நாம் கைவிட வேண்டும் என்பதே என் கருத்து.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்ற நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாக 2023இல் மதிப்பிட்டது. உணவு பற்றிய அதன் முடிவுகள் 2025இல் வெளிவந்தன. நாம் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே கிடைக்கிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், அரிசிக்குப் பதிலாகக் கோதுமையோ சிறுதானியமோ உண்பதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் குறைத்து, பருப்பு, பயறு, பால், தயிர், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்தைச் சேர்க்கும்போது அபாயம் குறையக்கூடும் என்பதே அந்த ஆய்வு காட்டும் வழி.

ஒரு வங்கியின் கடனை மற்றொரு வங்கிக்கு மாற்றிவிட்டால் கடன் தீர்ந்துவிடாது. அசல் குறைய வேண்டும். உணவிலும் அவ்வாறே. சிறுதானியத்தின் நார்ச்சத்து நன்மை தருவதே. ஆயினும் அளவு மீறினால் அதுவும் மாவுச்சத்துதான். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு தானியம், கால் பங்கு புரதம் என்னும் எளிய கணக்கை எந்த மாநிலத்துச் சமையலிலும் கடைப்பிடிக்கலாம். நாளொன்றுக்கு நான்கு முறை, இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையிட்டுத் தேநீர் அருந்துவோர், அதிலேயே 30 கிராமுக்கு மேல் சர்க்கரை உட்கொள்கிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்வோர் உணவைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். சிறுநீரகக் கோளாறு உள்ளோர் புரதத்தைத் தாமாகவே கூட்டக் கூடாது. மருத்துவரைக் கலந்தே மாற்றங்களைச் செய்ய வேண்டும்.

கடந்த மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை வங்கிக் கணக்கு அறிக்கைக்கு ஒப்பிடலாம். ஒரு நாள் சிக்கனத்தால் அது சீராவதில்லை. நாள்தோறும் காட்டும் அளவறிதலே அதில் வரவாகிறது.